‘டோட்டல் லொஸ்’ ஆன காரை நாமே வைத்துக்கொண்டு திருத்தலாமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். விளங்கிக்கொண்டதில் பிழையிருந்தால் சொல்லுங்கள். தலவாக்கலையிலிருந்து லிந்துலைப் பக்கம் போகும் வழியில், மூடுபனிக்குள், உங்கள் 2015ஆம் ஆண்டு சுசுகி வேகன் ஆர் காரின் முன்பக்க இடது மூலை மதகுச் சுவரில் மோதி, கார் கானுக்குள் இறங்கிவிட்டது. ஆட்களுக்குப் பெரிய காயமில்லை. திருத்துவதற்கு சுசுகி ஏஜென்ட் கராஜ் தந்த எஸ்டிமேட் 35 இலட்சம் ரூபா. காப்புறுதி நிறுவனம் இதை ‘டோட்டல் லொஸ்’ (முழு இழப்பு) என்று முடிவுசெய்து, விபத்துக்கு முந்திய சந்தைப் பெறுமதியை 46 இலட்சமாகக் கணித்து, இரண்டு வழிகளை உங்கள் முன் வைத்திருக்கிறது. ஒன்று, காரைக் கொடுத்துவிட்டு 46 இலட்சத்தைப் பெற்றுக்கொள்வது; மற்றது, உடைந்த காருக்கு 16 இலட்சம் என்று விலை போட்டு அதைக் கழித்து, மீதி 30 இலட்சத்தோடு காரையும் நீங்களே வைத்துக்கொள்வது. கொட்டகலையில் உங்களுக்குப் பழக்கமான டிங்கரிங் பாஸ் (தகடு வேலை செய்பவர்) 12 இலட்சத்தில் பழையபடி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். ‘வைத்துக்கொண்டு திருத்தினால் இலாபந்தானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது பணத்தைப் பற்றி என்றாலும், பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கார் என்று கடைசி வரியில் எழுதியிருப்பதால், அது மறுபடியும் இந்த மலைப்பாதைகளில் நம்பி ஓட்டத்தக்கதாக வருமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரியாமல் இலாப நட்டக் கணக்கைப் போட முடியாது.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் என் பேச்சை நம்பலாம், எந்த இடத்தில் இன்னொருவரைக் கேட்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. மொரட்டுவை ஜேர்மன் டெக்கில் மோட்டார் வாகனத் தொழில் பயின்று, கொழும்பில் பொடி வேலை செய்யும் கராஜ் ஒன்றில் கை பழகி, பின்னர் ஹட்டனில் இருந்துகொண்டு நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் விபத்து வாகனங்களுக்குச் சேத மதிப்பீடு செய்யும் அசெசராக நீண்ட காலம் வேலை செய்தவன். தகடு, அளவு, செலவு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் காப்புறுதி ஒப்பந்தத்தின் வாசகங்களை நான் பார்க்கவில்லை. காரையும் நீங்கள் போட்ட நான்கு படங்களில்தான் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்து ஒரு கார் திருத்தத் தகாதது என்று சில சமயம் சொல்லிவிடலாம். திருத்தத் தகுந்தது என்று ஒருபோதும் சொல்ல முடியாது.

முதலில், ‘டோட்டல் லொஸ்’ என்பது ஒரு கணக்கின் முடிவு. திருத்தும் செலவையும், உடைந்த நிலையில் விற்றால் கிடைக்கும் தொகையையும் கூட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் விடயத்தில் 35ம் 16ம் சேர்ந்தால் 51 இலட்சம். அது 46ஐத் தாண்டுவதால், திருத்திக் கொடுப்பதைவிடப் பணத்தைக் கொடுத்துக் கோப்பை மூடுவது நிறுவனத்துக்கு மலிவு. அந்த 35 இலட்சம் எல்லாப் பாகங்களையும் புதிதாகப் போட்டு, ஏஜென்ட் கராஜின் கூலியோடு கணக்கிட்டது. கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகங்களை வாங்கி வேலை செய்பவர் அதன் மூன்றிலொரு பங்கைச் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. எந்தெந்த வேலைகளை விட்டுவிட்டு 12 ஆயிற்று என்பதை மட்டும் அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் படித்ததாக நீங்கள் குறிப்பிட்ட ஏ (A), பி (B), எஸ் (S), என் (N) என்ற ‘டோட்டல் லொஸ்’ கார்களின் வகைப்பாடு பிரித்தானியாவுக்குரியது. 2017 ஒக்டோபர் முதல் அங்குள்ள நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஏ, பி இரண்டும் மறுபடி வீதிக்கு வரக்கூடாத கார்கள், எஸ் என்பது உடற்கட்டமைப்பு அடிபட்டது, என் என்பது கட்டமைப்பு அடிபடாதது. உங்கள் காருக்கு அப்படியோர் எழுத்தை யாரும் தரப்போவதில்லை. ஆனால் எஸ்ஸா, என்னா என்று அங்கே கேட்கும் கேள்வியை இங்கே நீங்களே கேட்டாக வேண்டும்.

நீங்களே கேட்டாக வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நமது இலங்கையில் ஒரு தனியார் காருக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கச் செல்லுபடியாகும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். பஸ், லொறி போன்றவற்றுக்கு இருக்கும் தகுதிச் சான்றிதழ்ப் பரிசோதனை தனியார் காருக்கு இல்லை. புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். அடியில் செசி லெக் (முன்பகுதியைத் தாங்கும் நீளச் சட்டம்) வளைந்திருக்கிறதா, எயார் பேக் இருக்கும் இடத்தில் பழந்துணி திணித்திருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது. ஆகவே உங்கள் கார் கராஜை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து, அரசாங்கத்தின் சார்பில் எவரும் அதன் எலும்பைத் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

இனிப் படங்களுக்கு வருகிறேன். பொனட், பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் நொறுங்கியிருப்பது பார்ப்பதற்குத்தான் பயங்கரம். அவை போல்ட்டில் கழன்று போல்ட்டில் ஏறும் பாகங்கள். என் கண் போனது வேறு இரண்டு இடங்களுக்கு. இரண்டாவது படத்தில் இடது முன்சில்லு அதன் வளைவுக்கு நடுவில் இல்லாமல் பின்னோக்கிக் கதவுப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. சில்லைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்ம் மட்டும் வளைந்தாலும் இப்படி வரும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நகர்ந்தாலும் வரும், செசி லெக் மடங்கினாலும் வரும். முதலாவதென்றால் சில ஆயிரம் ரூபாவில் முடியும். மூன்றாவதென்றால் வேலை முற்றிலும் வேறு. நான்காவது படத்தில் இடது முன்கதவுக்கும் முன் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் தெரிகிறது. கதவு இழுத்துத் திறக்க வேண்டியிருக்கிறது என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். சுவரில் மோதியது கதவிலல்ல, முன் மூலையில். அப்படியிருந்தும் கதவு பிடிக்கிறதென்றால், கதவின் கீல் தாங்கும் தூண் வரைக்கும் அடி போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். படம் எடுத்த கோணமும் கான் ஓரத்தில் கார் சரிந்து நின்றதும் கண்ணை ஏமாற்றலாம் என்பதால், இதைச் சந்தேகம் என்ற அளவிலேயே வைக்கிறேன்.

இப்படிப்பட்ட சிறிய கார்களில் தனியாக ஒரு செசி கிடையாது, உடலே செசி. முன்னால் இரண்டு பக்கமும் நீளும் செசி லெக்குகள் மோதலில் மடிந்து அடியை உள்வாங்கவென்றே ஆக்கப்பட்டவை. அவை ஒருமுறை மடிந்தால் தம் வேலையைச் செய்து முடித்துவிட்டன என்று பொருள். இழுத்து நேராக்கி மேலே பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும். அடுத்த மோதலில் எங்கே, எவ்வளவு மடியும் என்று எவராலும் சொல்ல முடியாது. தூண்களிலும் கதவுக்குக் கீழுள்ள படிச் சட்டத்திலும் உயர் வலிமைத் தகடு இருக்கும். அந்தத் தகட்டைக் காஸ் விளக்கில் சிவக்கக் காய்ச்சி அடித்து நேராக்கினால் அதன் வலிமை போய்விடும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. உங்கள் பாஸ் ‘காய்ச்சி இழுத்தால் வந்துவிடும்’ என்று தூணைக் காட்டிச் சொன்னாரென்றால், பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனவே எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் காரை அளக்க வேண்டும். இதற்கென்று அளவுப் பெஞ்ச் வைத்திருக்கும் கராஜ்கள் கண்டியிலும் கொழும்பிலும் உள்ளன. ஏற்றிக்கொண்டு போகும் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தயாரிப்பாளர் தந்த அளவுகளுக்கும் காரில் உள்ளதற்கும் பொதுவாக 3 மில்லிமீற்றர் வரைதான் வித்தியாசம் ஏற்கப்படும். அதற்கு முன் நீங்களே ஒரு டேப்பை வைத்துச் செய்துபார்க்கக்கூடிய சோதனையும் உண்டு. எஞ்சின் அறையில் இடது ஷொக் அப்சோபர் கோபுரத்தின் போல்ட் ஒன்றிலிருந்து வலது முன்மூலையில் ஆலையில் போட்ட ஒரு துளைக்கும், பிறகு வலது கோபுரத்திலிருந்து இடது முன்மூலையின் அதே துளைக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். ஸ்டியரிங்கை நேரே வைத்து, முன்சில்லு நடுவிலிருந்து பின்சில்லு நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கதவு வாசலின் மூலைக்கு மூலை அளந்து வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று அளவுகளில் முதல் இரண்டு மட்டும் பிசகியிருந்தால் நம்பிக்கை இருக்கிறது. மூன்றாவதும் பிசகியிருந்தால், ஆட்கள் இருக்கும் கூடே நகர்ந்துவிட்டது. அந்த நிலையில் நான் என் வீட்டுக்காக அந்தக் காரை எடுக்க மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

கூடு சரியாக இருந்து முன்பகுதி மட்டும் போயிருந்தால், அடுத்து ‘ஹாஃப் கட்’ பேச்சு வரும். யப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த முன்பகுதி ஒன்றை வாங்கி வேலை செய்வதில் இரண்டு முறை இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்வதுதான் குழப்பம். அதிலிருந்து செசி லெக்கையும் அதோடு ஒட்டிய உட்தகட்டையும், ஆலையில் ஒட்டிய ஸ்பொட் வெல்டுகளைத் துளைத்துக் கழற்றி, உங்கள் காரில் அதே இணைப்புகளில் பொருத்தி மிக் வெல்டால் ஒட்டுவது முறையான வேலை. தூணையும் தளத்தையும் குறுக்கே அறுத்து, இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டுவது வேறு. அது விரைவில் முடியும், மலிவாகவும் இருக்கும், அதனால்தான் செய்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். செசி இலக்கம் பொறித்த இடத்தில் எவரும் வாள் வைக்கவும் கூடாது. பல யப்பானிய கார்களில் அது எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடைப்பட்ட சுவரில் இருக்கும். சிலவற்றில் முன் ஆசனத்துக்குக் கீழே. அதை வெட்டி ஒட்டிய கார் பொலிஸ் பார்வையில் திருட்டுக் கார் போலத்தான் தோன்றும், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். எஞ்சினை மாற்ற நேர்ந்தால், விற்றவரின் பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணப் பிரதியையும் வாங்கி, புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து சி.ஆர் புத்தகத்தை (வாகனப் பதிவுச் சான்றிதழை) திருத்திக்கொள்ளுங்கள். ஒட்டிய இடங்களுக்கு உட்புறம் மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல்வதையும் மறக்க வேண்டாம். நுவரெலியா, லிந்துலைப் பக்கத்து ஈரத்தில், பூசப்படாத வெல்ட் உள்ளேயிருந்து துருப்பிடித்து வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பெயின்ட் பற்றி எழுத எதுவுமில்லை. நம்மூரில் நன்றாகவே அடிக்கிறார்கள். நாம் ஏமாறுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

எயார் பேக் இரண்டும் விரிந்திருப்பது மூன்றாவது படத்தில் தெரிகிறது. அவை விரிந்தால் பலூன்களை மட்டும் மாற்றினால் போதாது. ஆசனப்பட்டிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இறுக்கும் சிறு வெடிமருந்துப் பொறிமுறையும் அநேகமாக வெடித்திருக்கும். பட்டியை இழுத்துப் பாருங்கள், அது இறுகி நின்றுவிட்டதென்றால் முழுத் தொகுதியும் மாற வேண்டும். மோதலைப் பதிவுசெய்து வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும், முன்னாலுள்ள அதிர்ச்சி உணரியும், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் வயரும் பார்க்கப்பட வேண்டியவை. 12 இலட்சத்துக்குள் இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். நான் கண்ட வரையில், ஊர்க் கராஜ் எஸ்டிமேட்டுகளில் அடிக்கடி விடுபடுவது இதுதான். டேஷ்போட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்துவிட்டு, பலூன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு ரெசிஸ்டரை வயரில் மாட்டி எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடுவது பழைய தந்திரம். சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே கழற்றியிருக்கிறார்கள். ஆனால் ரெசிஸ்டர் மாட்டிய காரில் விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், ஸ்கேனரும் ‘பிழை இல்லை’ என்றே காட்டும், ஏனெனில் பெட்டி எதிர்பார்க்கும் மின்தடை அங்கே இருக்கிறது. எனவே டேஷ்போட் மூடப்படுவதற்கு முன் நீங்கள் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். இதற்கு வேறு வழியில்லை.

சில்லு, ஸ்டியரிங், பிரேக் பகுதிக்கு மலையகத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் தர வேண்டும். அடிபட்ட பக்கத்தின் ஆர்ம், நக்கள், பெயரிங், ஷொக் அப்சோபர், ஸ்டியரிங் ரெக் ஆகியவற்றை ‘பரவாயில்லை, நேராகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடாமல் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்தபின் அலைன்மென்ட் பார்க்கும்போது அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். இந்த வகைக் கார்களில் முன்சில்லின் ‘டோ’ (சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டுந்தான் சாதாரணமாகத் திருப்பிச் சரிசெய்யக்கூடியது. ‘கேம்பர்’ (சில்லின் பக்கவாட்டுச் சாய்வு), ‘காஸ்டர்’ (சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கோணங்கள் உடலின் வடிவத்திலிருந்து வருபவை. அந்தத் தாளில் இடது வலது காஸ்டர் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால், உடலோ குறுக்குச் சட்டமோ இன்னும் தன் இடத்துக்கு வரவில்லை. டோவைத் திருகிக் காரை நேராக ஓடச் செய்துவிட்டு ‘சரி’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். சமதரையில் அந்தக் கார் நேராகத்தான் ஓடும். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியைப் போன்ற இறக்கத்தில், ஈரத்தில், பிரேக்கை அழுத்தும்போது ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஒயிலையும் முழுதாக மாற்றுங்கள். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் உறிஞ்சிய நிலையில் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4க்கு முறையே 230, 155. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறவர் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தை இழக்கிறார். அந்த இறக்கத்தில் காரைக் கட்டுப்படுத்தும்போது எழும் சூடு பெரும்பாலும் பிரேக்குக்கும் எஞ்சினுக்கும்தான் போக வேண்டும். உங்கள் கார், வேகம் குறையும்போது மின்சாரத்தைச் சேமிக்கும் எனே சார்ஜ் வகையென்றால், இடது முன் ஆசனத்துக்குக் கீழுள்ள சிறிய லித்தியம் பற்றரியின் உறையில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பணக் கணக்கை இப்போது போடலாம். நீங்கள் போட்ட கணக்கு: 16ம் 12ம் 28, 46 இலட்சக் கார் 28க்குக் கிடைக்கிறது, ஆகவே 18 இலட்சம் இலாபம். இதில் கூட்டல் சரி. எடுத்த எண்களில் 12ம் 46ம் சரியில்லை. முன்பக்க மோதலில், கழற்றிப் பார்த்த பின் தெரியவரும் சேதத்துக்காக முதல் எஸ்டிமேட்டின் மூன்றிலொரு பங்கை மேலதிகமாக ஒதுக்குவது என் வழக்கம். 12 அப்போது 16 ஆகும். எயார் பேக் தொகுதி சேர்க்கப்படவில்லையென்றால் உத்தேசமாக 3 இலட்சம் என்று வையுங்கள். அளப்பதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் இன்னொரு இலட்சம். திருத்தச் செலவு 20, காரின் விலை 16, மொத்தம் 36 இலட்சம். மறுபக்கம், திருத்திய கார் 46 பெறாது. எயார் பேக் விரிந்த விபத்துக் கார் என்று சொல்லி விற்றால் காற்பங்கு குறையும் என்பது என் கணிப்பு, அப்படியானால் 34½. ஒன்றரை இலட்சம் நட்டத்தில் நிற்கிறீர்கள், கராஜ் வாசலில் நின்ற மாதங்களையும் அதுவரை கொடுத்த ஓட்டோக் காசையும் சேர்க்காமலே. பத்து ஆண்டு விற்காமல் ஓட்டுவேன் என்பவருக்கு அந்தக் காற்பங்கு பெரிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விபத்தை மறைத்து விற்றால் 46 வரும் என்று யாரும் உங்களுக்கு யோசனை சொன்னால், அந்தக் காரில் ஏறப்போகும் அடுத்த குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் அசையக்கூடிய எண் ஒன்றுதான்: அந்த 16 இலட்சம். உடைந்த கார்களை வாங்குவோரிடம் விலை கேட்டுத்தான் நிறுவனங்கள் அதை நிர்ணயிக்கின்றன. எந்தெந்த விலைகள் வந்தன என்று எழுத்தில் கேட்கலாம், குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். 10 இலட்சத்துக்கு இறங்கினால் மேலே சொன்ன மொத்தம் 30 ஆகிறது. அப்போது யோசிக்க இடமுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி திறக்கப்படும் வரை, எந்த உடைந்த காரையும் திருத்தினால் இலாபம் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிவிட்டது. அந்தக் காலத்து விலையை மனதில் வைத்து இன்று தீர்மானிக்க வேண்டாம். இன்னொன்று, வாங்குவோர் தரும் விலை பாகங்களுக்கு மட்டுமானதென்று எண்ணிவிடாதீர்கள். ஒழுங்கான சி.ஆர் புத்தகமும் செசி இலக்கமும் உள்ள கார் என்பதற்காகவும் சிலர் விலை ஏற்றுகிறார்கள். அந்த இலக்கம் பின்னர் வேறொரு காரில் ஓடக்கூடும். ஆகவே காரைக் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தால், வாங்குபவர் பெயர் எழுதப்படாத உரிமைமாற்றப் படிவமான ‘ஓப்பன் பேப்பரில்’ கையொப்பமிடாதீர்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாவற்றையும் நிரப்பிய பின்னரே கையெழுத்து, அதன் பிரதி ஒன்று உங்கள் கையில்.

லீசிங் முடிந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. முடியவில்லையென்றால் புத்தகத்தில் முழு உரிமையாளர் அந்த நிதி நிறுவனம். இழப்பீட்டுப் பணம் முதலில் அங்கேதான் போகும், காரை வைத்துக்கொள்ள அவர்களுடைய எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். முடிந்திருந்தாலும், திருத்திய பிறகு முழுக் காப்புறுதி கிடைக்குமா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் என்பதால் அதை எடுத்துவிடலாம். முழுக் காப்புறுதி தருவதற்கு முன் காரைப் பரிசோதிக்க நிறுவனத்துக்கு உரிமையுண்டு, மறுக்கவும் உரிமையுண்டு. வேறு நிறுவனத்துக்குப் போய்ப் பழைய விபத்தை மறைத்து எடுக்கலாம் என்ற யோசனையும் உங்கள் காதில் விழும். காப்புறுதி ஒப்பந்தம் எதையும் மறைக்காமல் சொல்வதன் மீது நிற்பது. விண்ணப்பத்தில் கேட்டதற்கு உண்மைக்கு மாறாக எழுதினால், பின்னொரு நாளில் இழப்பீடு கேட்கும்போது அதையே காரணமாகக் காட்டி மறுத்துவிடலாம்.

உங்கள் தம்பியின் டொயோட்டா அக்குவாவைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில், கம்பளையில் ஆசன மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்ற கார். அதற்கு என் விடை குறுகியது: வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காரின் 144 வோல்ட் ஹைபிரிட் பற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. சேற்று நீர் அதற்குள்ளும், அதிலிருந்து முன்னால் போகும் செம்மஞ்சள் நிற வயர்களின் இணைப்புகளுக்குள்ளும் போயிருக்கும். மோதிய காரின் சேதத்தை அளந்துவிடலாம். நனைந்த காரின் சேதம் மாதக்கணக்கில் ஒவ்வொரு இணைப்பாகத் துருவேறி வெளிவரும். இன்னும் எவரும் அதை ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லையென்றால் அப்படியே விடச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். இழப்பீட்டு விசாரணையிலும் அது தேவையற்ற வாதத்துக்கு இடம் கொடுக்கும்.

உங்கள் வேகன் ஆருக்கு இன்று என் தீர்ப்பைக் கேட்டால், கதவு இடைவெளியைப் பார்த்த அளவில், 46ஐ வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்துவிடுங்கள் என்பேன். அளந்து பார்த்துக் கூடு நகரவில்லை என்று எழுத்தில் வந்து, கார் விலையும் 10, 11 இலட்சத்துக்கு இறங்கினால் என் விடை மாறும். அதற்கு அவகாசம் தேவை என்பதால், ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’ என்று அச்சிட்ட பற்றுச்சீட்டில் அதுவரை கையொப்பமிட வேண்டாம். அளவு பார்க்கும் வரை காரை வைத்திருக்க அனுமதி கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். 46 என்ற பெறுமதியே குறைவென்று தோன்றினால், அதே ஆண்டு, அதே வகைக் கார்களின் விற்பனை விளம்பரங்களையும் தனியான மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையையும் அதே கடிதத்தோடு இணையுங்கள். நிறுவனம் மறுத்துவிட்டால், அந்த மறுப்புக் கடிதத்தோடு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிப்பவரிடம்) கட்டணமின்றி முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். இரண்டு இடங்களிலும் முதலில் கேட்பது நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தைத்தான். தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.